எடைமேடையில் ஒரு நேர்காணல்

கடைசி நாள் என்று அவர்கள் எழுதியிருப்பது
பெர்கனின் நள்ளிரவு.
ஊத்தான் மெலிந்தாங்கில் அப்போது
விடிகாலை ஆறு.
முதல் குலை லாரி சந்தியில்
கியர் மாற்றித் திணறும் நேரம்.

அந்த ஆறு மணி நேர லாபத்தில்தான்
ஏழு மாதமாக விண்ணப்பிக்கிறேன்.

பீட் மண் ஆண்டுக்கு எவ்வளவு தாழ்கிறது
என்ற ஒரே கேள்விக்கு
நான்கு வருடம் கொடுத்தேன்.
விடை, ஒரு சுண்டுவிரல் நீளம்.
அம்மாவிடம் சொன்னபோது
"அதுக்கா நாலு வருஷம்?
நம்ம வாசப்படிய எண்ணினா போதாதா" என்றாள்.
உண்மைதான்.
வீடு கட்டியபோது ஒரு படி.
வீடு கட்டையில் நிற்கிறது, மண் இறங்குகிறது,
இப்போது மூன்று படி.

வேலை விளம்பரங்களுக்கெல்லாம் ஒரே குரல்.
இரண்டு வருடம். நிதி வந்தால் மூன்றாவது.
பட்டம் பெற்று ஐந்தாண்டு தாண்டியிருக்கக் கூடாது.
பால் டின்னில் அடித்த தேதி போல
எனக்கும் ஒன்று இருக்கிறது:
வரும் மார்ச்.

டெல்ஃப்டில் கரை கட்டத் தெரிந்தவர் வேண்டுமாம்.
எனக்குக் கரை உடைவதுதான் தெரியும்.
கியோட்டோவில் மேகம்.
சூரிக்கில் கரியைக் காற்றிலிருந்து உறிஞ்சும் இயந்திரம்.
இங்கே நிலத்திலிருந்து அது வெளியேறுவதை
குழாய் நட்டு எண்ணியவள் நான்,
காலில் அட்டைக் கடியோடு.

பரிந்துரைக் கடிதம் மூன்று கேட்கிறார்கள்.
ஒரு பேராசிரியர் ஓய்வு பெற்றுவிட்டார்.
ஒருவர், "அடுத்த வாரம் ஞாபகப்படுத்தவும்."
எத்தனை அடுத்த வாரங்கள்!
இடையில் ஐந்தாம் படிவப் பிள்ளைகளுக்கு
இயற்பியல் டியூஷன், தலைக்கு அறுபது ரிங்கிட்.
கல்விக் கடன்காரர்கள் மட்டும்
யாரும் ஞாபகப்படுத்தாமலே எழுதுகிறார்கள்.

பெர்கன் விளம்பரத்தில் ஒரு வரைபடம் இருந்தது.
தென்கிழக்காசியக் கரையோரச் சதுப்பு நிலம்.
பச்சை, மஞ்சள், சிவப்புச் சதுரங்கள்.
நடுவில் ஒன்று சாம்பல் நிறம்:
அளவீடு இல்லை.
பெரிதாக்கிப் பார்த்தேன்.
ஆற்று வளைவு, மதகு, ஆலைப் புகைபோக்கி.
அந்தச் சாம்பலுக்குள் எங்கோ
அம்மா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

என் வீட்டுக் கொல்லையை ஆராய
நான் நார்வேக்குப் போக வேண்டும்.

நேர்காணல் அன்று புயல் மழை.
மாலை நான்குக்கு அழைப்பு,
மூன்றரைக்கு ஊரே இருட்டு.
செம்பனை ஆலையில் மட்டும் வெளிச்சம்.
நாரையும் ஓட்டையும் எரித்து
தன் மின்சாரத்தைத் தானே செய்துகொள்ளும் அது.
எடைமேடைக் குமாஸ்தா குணாளினி
என்னோடு ஆரம்பப்பள்ளியில் படித்தவள்.
"உள்ள வா, ஆனா லாரி வந்தா நான் மணி அடிப்பேன்" என்றாள்.

திரையில் நான்கு முகங்கள்,
நான்கு வெள்ளைச் சுவர்கள்.
மீத்தேன் கணக்கைச் சொல்லிக்கொண்டிருந்தபோது
பதினெட்டு டன் குலை மேடையேறியது.
அறை குலுங்கியது, மணி அடித்தது,
அவர்களில் ஒருவர் நிலநடுக்கமா என்றார்.

களத்துக்குச் செல்ல வசதி உண்டா என்று கேட்டார்கள்.
கணினியை ஜன்னல் பக்கம் திருப்பினேன்.
பால் விடாத தேநீர் நிறத்தில் வாய்க்கால்,
மதகைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்த கடல்நீர்,
முழங்கால் தண்ணீரில்
மோட்டார் சைக்கிளைத் தள்ளிப் போகும் இருவர்.

ஒரு நிமிடம் பேச்சில்லை.
பிறகு ஒரு பெண் மிக மரியாதையாகக் கேட்டாள்:
"இது பின்னணிப் படமா?"

குணாளினி சிரித்ததில்
ரசீது இயந்திரத்தில் காகிதம் சிக்கிக்கொண்டது.

மூன்று வாரம் கழித்துப் பதில்.
இருநூற்றுப் பதினான்கு விண்ணப்பங்களாம்.
நான் இரண்டாமிடம்.
முதலாமவர் மறுத்தால் எழுதுவார்கள்.
முதலாமவர் யாரோ, நல்லா இருக்கட்டும்.
அவருக்கும் ஒரு மார்ச் இருக்கும்.

செங்கல் என்ன விலை என்று
கேட்டு வரச் சொன்னாள் அம்மா.
கேட்டேன்.
நான்காம் படிக்கு சிமென்ட்டோடு சேர்த்து
நாற்பத்திரண்டு ரிங்கிட்.

இன்றிரவு ஹெல்சிங்கி.
ஐந்து மணி நேரம்தான் லாபம்.